காய்ச்சல் பரவும் வாரத்தில் யாருக்கு எந்தப் பாடம்?

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணிக்கு வரும் எல்லாச் சாலைகளிலும் காவடிகள் நடக்கத் தொடங்கிவிடும். சென்னைப் பக்கமிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் ஜனங்கள் வருவதைப் போலவே, சித்தூர், புத்தூர், நகரி வழியாகத் தெலுங்கு பேசும் பக்தர்களும் திரளாக வருவார்கள். ஆண்டின் நாட்களைக் குறிப்பதாகச் சொல்லப்படும் 365 படிகளையும் ஏறி, தணிகை முருகனைக் கும்பிட்டு இறங்கி, மறுநாளே நூற்றுக்கணக்கான ஊர்களுக்குக் கலைந்துவிடுவார்கள். அவர்களில் சிலருக்கு வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ தொற்றியிருந்தால், அது எந்த ஊரில் போய்த் தலைகாட்டும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்தக் கவலை இன்று வந்ததல்ல. கோயில் திருவிழாக்களின் பின்னாலேயே காலராவும் ஊர் ஊராகப் போன காலம் ஒன்று இருந்தது. அதனால்தான் 1939-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொதுச் சுகாதாரச் சட்டம், திருவிழாக்களுக்கும் சந்தைகளுக்கும் என்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. பொதுச் சுகாதாரத்துக்காக இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் விரிவான சட்டம் அது. அதற்கும் முன்னால், 1922-இலேயே, மருத்துவமனைகளைக் கவனிக்கும் துறையிலிருந்து வேறாகப் பொதுச் சுகாதாரத்துக்கென ஒரு துறை இங்கே உருவாகிவிட்டது. நோய் வந்தவருக்கு மருந்து கொடுப்பது ஒரு வேலை, ஊருக்கு நோய் வராமல் பார்ப்பது இன்னொரு வேலை என்ற பிரிவு தமிழ்நாட்டில் நூறு ஆண்டு கண்டது. இரண்டாவது வேலையைச் செய்கிறவர்களைத் தயார் செய்வது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

திருத்தணி அதற்கு நல்ல உதாரணம். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும், இரு மாநில எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் 1 அன்று தமிழகத்துடன் சேர்ந்தது. கோடு மாறினாலும் பேச்சும் உறவும் பிழைப்பும் இரு பக்கமும் கலந்தே கிடக்கின்றன. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம் என்று சுற்றுவட்டாரம் முழுக்க நெசவாளர்கள். எல்லைக்கு அப்பால் நகரியிலும் அதே தறிச்சத்தம்தான். கொசுவுக்கு மாநில எல்லை தெரியாது என்பதை இங்கே வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2016 ஆகஸ்டில் திருத்தணியை அடுத்த காவேரிராஜபுரத்தில் குழந்தைகள் காய்ச்சலால் அடுத்தடுத்து இறந்தார்கள். ‘மர்மக் காய்ச்சல்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. முகாம் போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள், அமைச்சரும் அதிகாரிகளும் வந்தார்கள். அடுத்த ஆண்டு, 2017-இல், தமிழ்நாடு முழுவதும் டெங்கு பெருகியது. அரசுக் கணக்குப்படி அந்த ஓராண்டில் 23,294 பேருக்கு டெங்கு, 65 பேர் மரணம். திருவள்ளூர் மாவட்டத்தின் பெயர் அந்த மாதங்களில் திரும்பத் திரும்பச் செய்தியில் அடிபட்டது.

இப்படி ஒரு வாரம் வந்தால், வட்டார மருத்துவ அலுவலர் தன்னிடம் உள்ள ஆட்களை எல்லாம் களத்தில் இறக்கியாக வேண்டும். கிராம சுகாதார செவிலியர், சுகாதார ஆய்வாளர், ஆய்வக நுட்புநர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், செவிலியர், வீடு வீடாகப் போகும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர், தூய்மைப் பணியாளர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பெண் தன்னார்வலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர். இவர்கள் எல்லாரையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து, டெங்கு வைரஸ் நான்கு வகைப்படும் என்று தொடங்கும் ஒரே உரையைத் திரையில் ஓட்டினால் என்ன ஆகும்? மருத்துவருக்கு அது தெரிந்த விஷயம். கொசுப்புழு ஒழிப்புப் பணியாளருக்கு அது நாளைக் காலை எந்த வீட்டிலும் பயன்படாத விஷயம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து விழும், டீயும் வடையும் வரும், ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று அறிக்கை போகும். நோய் பரவும் காலத்தில் இதைவிடப் பெரிய நேர விரயம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் நாளைக் காலை அவர் கை செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற பாடத்தை, அவர் மொழியில், அவர் ஊரை வைத்து, இன்றே கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பாடம் எப்படி இருக்கும் என்பதற்கு, வரிசையில் கடைசியாக நிற்கும் கொசுப்புழு ஒழிப்புப் பணியாளரிடமிருந்தே தொடங்கலாம். கையில் ஒரு டார்ச், ஒரு கரண்டி, அபேட் மருந்துப் பாட்டில், ஒரு நோட்டு. பெரும்பாலும் பெண்கள். தினக்கூலி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரிய வேண்டியவை அதற்கு மேலே இருக்கின்றன. ஏடிஸ் புழு தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மலேரியா கொசுவின் புழு மேற்பரப்போடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடக்கும். நிழல் பட்டாலோ வெளிச்சம் பட்டாலோ ஏடிஸ் புழு சட்டென அடியில் போய்விடும். ஆகவே தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று நகரக் கூடாது, கொஞ்சம் காத்திருந்து பார்க்க வேண்டும். முட்டை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தொட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரைக் கொட்டிக் காயவைத்தாலும் அது மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே கொட்டினால் போதாது, சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டையிலிருந்து கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். ஆகவே அதே தெருவுக்கு வாரம் ஒருமுறை வந்தாக வேண்டும். பதினைந்து நாள் கழித்து வந்தால் ஒரு தலைமுறைக் கொசு பறந்து போயிருக்கும்.

இத்தனையையும் ஒரு தொட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு, புழுவைக் கரண்டியில் எடுத்துக் காட்டி, அரைமணி நேரத்தில் சொல்லிவிடலாம். புத்தகத்தில் சொன்னால் அரைநாள் ஆகும், நினைவிலும் நிற்காது.

ஊருக்கு ஏற்ற பாடம் என்பது இதற்கும் அடுத்த படி. சென்னை மாநகராட்சிக்காக எழுதிய குறிப்பில் மொட்டைமாடித் தொட்டி, கட்டுமான இடம், லிஃப்ட் குழி என்று பட்டியல் இருக்கும். பொதட்டூர்பேட்டையின் தறிக்கார வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு. குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் தெருவில் வீட்டுக்கு நாலு பிளாஸ்டிக் டிரம் நிற்கும். நூல் நனைக்கும் தொட்டி, சாயப் பாத்திரம், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மாட்டுத் தொட்டி, கொட்டாங்குச்சி, பழைய டயர் எல்லாம் உண்டு. பகல் முழுவதும் குடும்பமே தறியருகே உட்கார்ந்திருப்பதால், பகலில் கடிக்கும் கொசுவுக்கு அந்த வீடு தோதான இடம். கோயில் பக்கம் வந்தால் தங்கும் விடுதிகள், சத்திரங்கள், பூட்டிக் கிடந்து திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடுகள், மலைப்பாதையில் வீசி எறிந்த பிளாஸ்டிக் டம்ளர்கள். இந்தப் பட்டியலை வெளியிலிருந்து வரும் நிபுணர் எழுத முடியாது. தெருவுக்குப் போய் வந்தவர்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புகை அடித்தால் வேலை நடந்ததாக ஜனங்கள் நம்புகிறார்கள். அரசியல்வாதிகளுக்கும் அது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆனால் புகை அந்த நேரத்தில் பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தொட்டியில் நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது. ‘புகை அடிக்க ஏன் வரவில்லை?’ என்று வாசலில் சண்டைக்கு வரும் வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதும் அந்தப் பணியாளருக்கு வேண்டிய பயிற்சிதான். எரிச்சலோடு இருக்கும் மனிதரிடம் பேசி உள்ளே போகத் தெரியாவிட்டால், புழுவைப் பற்றிய அறிவு வாசலோடு நின்றுவிடும்.

பணிக்கேற்ற பயிற்சிக்கு இந்தியா கொடுத்த மிகச் சிறந்த உதாரணம் பெரியம்மை ஒழிப்பு. 1973 இலையுதிர் காலத்திலிருந்து, வடமாநிலங்களில் குறிப்பிட்ட சில நாட்களில் பல்லாயிரம் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் அம்மை நோயாளிகளைத் தேடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலேரியா, குடும்பநலம் போன்ற வேறு திட்டங்களில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்குப் பெரியம்மையின் வரலாறு யாரும் நடத்தவில்லை. அம்மை போட்ட குழந்தையின் வண்ணப்படம் உள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். ‘இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?’ என்று வீட்டிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் காட்டிக் கேட்பதுதான் வேலை. தடுப்பூசி போட இரண்டு முனை கொண்ட ஊசி வந்தது. அதைப் பிடித்துக் குத்தும் முறையைச் சில நிமிடங்களில் கற்றுக்கொடுக்க முடிந்தது. கருவியையே எளிதாக்கினால் பயிற்சியும் சுருங்கிவிடும் என்பது அங்கே நிரூபணமானது.

அந்தத் திட்டத்தின் இன்னொரு பகுதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். தேடுதல் முடிந்ததும் மேற்பார்வையாளர்கள் சில வீடுகளுக்கு மறுபடி போய், ‘ஆள் வந்தாரா? அட்டை காட்டினாரா?’ என்று விசாரித்தார்கள். விட்டுப்போனது எங்கே என்று மாதாந்திரக் கூட்டத்தில் பேசி, அடுத்த தேடுதலுக்கு முறையை மாற்றினார்கள். நேற்றுத் தவறியதே இன்றைய பாடமானது. 1975 மே மாதத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை.

திருத்தணிக்கு மிக அருகிலேயே நடந்த இன்னொரு சோதனையும் உண்டு. 1980-களில், அரக்கோணமும் சேர்ந்திருந்த அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் சகாக்களும் ஒரு நோய்க் கண்காணிப்பு முறையைத் தொடங்கினார்கள். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற பேதமில்லாமல், குறிப்பிட்ட நோய்கள் வந்தால் மருத்துவர்கள் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். வந்த தகவல்களைத் தொகுத்து, மாதந்தோறும் ஒரு செய்திமடலாக அதே மருத்துவர்களுக்குத் திருப்பி அனுப்பினார்கள். தகவல் கொடுத்தவருக்குத் தன் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. அந்தச் செய்திமடலே அவருக்குத் தொடர்ச்சியான வகுப்பாக இருந்தது என்று சொல்லலாம். 1998-இல் ‘லான்செட்’ இதழில் இது வளரும் நாடுகளுக்கான ஒரு மாதிரி என்று வெளியானது. கேரளத்தின் கோட்டயம் மாவட்டம் இதே முறையை எடுத்துக்கொண்டது.

இன்று அஞ்சலட்டையின் இடத்தில் இணையதளம் வந்துவிட்டது. 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் தகவல்கள் இப்போது செல்பேசி, கணினி வழியாகவே பதிவாகின்றன. ஆனால் காய்ச்சல் வந்ததும் ஜனங்கள் முதலில் எங்கே போகிறார்கள்? தெருமுனை மருந்துக் கடைக்கு, அடுத்து பக்கத்துத் தனியார் கிளினிக்குக்கு. ‘ஒரு ஊசி போட்டுவிடுங்கள்’ என்று கேட்கிறார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசிகளும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரைகளும் டெங்குவில் ரத்தக்கசிவை மோசமாக்கக்கூடியவை. பாராசிட்டமால் மட்டுமே பாதுகாப்பு. மருந்துக் கடைக்காரருக்கும் கிளினிக் உதவியாளருக்கும் பத்து நிமிடம் இதை நேரில் போய்ச் சொல்லும் ஏற்பாடு, அரசுப் பணியாளர்களுக்கு நடத்தும் இரண்டு நாள் கருத்தரங்கைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவர்களுக்கும் பாடம் தேவை. அதைச் செய்து காட்டியது இலங்கை. 2009-இல் அங்கே சுமார் 35 ஆயிரம் பேருக்கு டெங்கு வந்து 346 பேர் இறந்தார்கள். கிட்டத்தட்ட நூற்றுக்கு ஒருவர். டெங்குவில் ஆபத்து காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, ரத்தம் கெட்டியாகி, நாடி விழுகிறது. அந்த ஒன்றிரண்டு நாட்களில் எவ்வளவு திரவம் ஏற்றுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. குறைந்தால் அதிர்ச்சி நிலை. கூடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு திணறும். ஜனங்களும் செய்திகளும் தட்டணு எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருக்க, அனுபவமுள்ள மருத்துவர் பார்ப்பது ஹெமட்டோகிரிட் என்ற ரத்த அடர்த்தி அளவையும், சிறுநீர் எவ்வளவு போகிறது என்பதையும்.

இதைப் புத்தகத்திலிருந்து படித்துக் கையில் கொண்டுவர முடியாது என்று உணர்ந்த இலங்கை, தன் மருத்துவர்களையும் செவிலியர்களையும் பாங்காக்கில் உள்ள ராணி சிரிகிட் தேசியக் குழந்தைகள் நல நிறுவனத்துக்கு அனுப்பியது. டெங்கு நோயாளிகளின் படுக்கையருகே நின்று அவர்கள் கற்றார்கள். திரும்பி வந்து, நீர்கொழும்பு மருத்துவமனையில் டெங்கு சிகிச்சைக்கான மையம் அமைத்து மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். மணிக்கொரு முறை அளவுகளைக் குறிக்கும் அட்டவணை செவிலியரின் கைக்கு வந்தது. நாடு தழுவிய சிகிச்சை நெறிமுறை எழுதப்பட்டது. 2017-இல் இலங்கை வரலாற்றிலேயே பெரிய டெங்கு அலை வந்தது, சுமார் 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு. ஆனால் இறப்பு விகிதம் நூற்றுக்கு அரைக்கும் கீழே இறங்கியிருந்தது. இத்தனைக்கும் டெங்குவுக்கு என்று தனி மருந்து எதுவும் நடுவில் வந்துவிடவில்லை. மாறியது கவனிக்கத் தெரிந்த கண்களும் கைகளும்.

திருத்தணி போன்ற ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இதில் ஒரு சிறிய, மிக முக்கியமான பகுதி போதும். எந்த நோயாளியை இங்கேயே வைத்துக்கொள்ளலாம், யாரை உடனே அனுப்ப வேண்டும்? விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ரத்தக்கசிவு, கைகால் சில்லிடுதல், சோர்ந்து துவளுதல், சிறுநீர் குறைதல். இந்த அறிகுறிகளைச் செவிலியர் மட்டுமல்ல, வீட்டுக்குப் போகும் தன்னார்வலரும் வாய்ப்பாடாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டேன்’ என்று தாய் சொல்லும் அந்த நாளில்தான் அவர் கூடுதலாக இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எல்லைக் கிராமத்தில் அந்தக் கேள்வியைத் தெலுங்கிலும் கேட்கத் தெரிய வேண்டும்.

பணியாளர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் பாடத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டத்தில் நிபா வைரஸ் பரவியபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த செவிலியர் லினி உயிரிழந்தார். என்ன நோய் என்றே அப்போது தெரியாது. அந்த ஆண்டின் தொற்று பெருமளவு மருத்துவமனைகளுக்குள்ளேதான் பரவியது. அடுத்த ஆண்டு எர்ணாகுளத்தில் ஒரு மாணவருக்கு நிபா வந்தபோது கேரளம் தயாராக இருந்தது. அவர் பிழைத்தார், அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் எபோலா காலத்தில், பொதுமக்களில் பெரியவர்களோடு ஒப்பிட்டால் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் கணக்கிட்டது. வசதிகள் நிறைந்த அமெரிக்காவிலும், 2014 அக்டோபரில் டல்லாஸ் நகர மருத்துவமனையில் ஒரே நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்கு எபோலா தொற்றியது. அதன் பிறகுதான் அங்கே வழிமுறை திருத்தப்பட்டது. பாதுகாப்பு உடையைப் போடுவதையும் கழற்றுவதையும் திரும்பத் திரும்பச் செய்து பழக வேண்டும், ஒவ்வொரு முறையும் பயிற்சி பெற்ற இன்னொருவர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்று. உடையைக் கழற்றும்போதுதான் தவறு நடக்கிறது. களைத்த உடம்போடு, வியர்த்த கையோடு, முகக்கவசத்தை எந்தப் பக்கமிருந்து எடுப்பது என்பதை வீடியோ பார்த்து மட்டும் கற்க முடியாது.

கொரோனா காலம் இதைத் தமிழ்நாட்டுக்கும் உணர்த்தியது. 2020 மார்ச் 7 அன்று மாநிலத்தின் முதல் தொற்று உறுதியானது. ஏப்ரலில் மத்திய அரசு ‘தீக்ஷா’ தளத்தில் முன்களப் பணியாளர்களுக்கான இணையவழிப் பாடங்களைத் திறந்தது. யாரும் ஓரிடத்தில் கூட முடியாத அந்த நாட்களில் அது பெரிய உதவி. மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து தொற்று லாரியோடும் காய்கறிக் கூடையோடும் பல மாவட்டங்களுக்குப் போனபோது, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு வழக்கமான பணியாளர்கள் போதவில்லை. சென்னை மாநகராட்சி ஆயிரக்கணக்கான தற்காலிகப் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. வெப்பமானியை எப்படிப் பிடிப்பது, ஆக்சிமீட்டரில் எந்த எண் வந்தால் போன் செய்வது, கதவைத் திறக்க மறுப்பவரிடம் என்ன பேசுவது என்பதுதான் அவர்களுக்கு முதல் நாள் வேண்டியிருந்தது. வைரஸின் முள் புரதத்தைப் பற்றிய அனிமேஷன் அதற்குப் பிறகு பார்த்திருந்தாலும் போதும்.

இப்படி அவசரத்தில் கற்பிக்க, அவசரம் இல்லாத காலத்தில் ஆட்களை வளர்த்திருக்க வேண்டும். நைஜீரியா இதற்குச் சாட்சி. 2014 ஜூலையில் லாகோஸ் என்ற மாபெரும் நகரத்துக்கு விமானத்தில் எபோலா வந்திறங்கியது. போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே பழக்கப்பட்டிருந்த குழுக்களையும், களநோய்ப் பரவியல் பயிற்சி பெற்றவர்களையும் அந்த நாடு உடனே திருப்பிவிட்டது. 894 பேரைத் தேடிக் கண்டு, சுமார் 18,500 முறை நேரில் போய்ப் பார்த்தார்கள். 20 பேருக்கு மேல் நோய் போகவில்லை, இறந்தவர்கள் 8 பேர். அக்டோபர் 20 அன்று எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. கையில் இருந்த திறமையைப் புதிய நோய்க்கு ஏற்ப வளைத்ததுதான் அங்கே நடந்த பயிற்சி.

அந்த வகையில் திருவள்ளூர் மாவட்டம் கொடுத்துவைத்தது. சுகாதார ஆய்வாளர்களும் அலுவலர்களும் பயிற்சி பெறும் பொதுச் சுகாதார நிறுவனம் பூந்தமல்லியில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அயப்பாக்கத்தில் இருக்கிறது. பணியில் இருக்கும் அலுவலர்களுக்கு இரண்டாண்டுக் களநோய்ப் பரவியல் படிப்பை 2001 முதல் அது நடத்துகிறது. அந்தப் படிப்பில் வகுப்பறை குறைவு. பெரும்பகுதி நேரம் மாணவர் தன் மாவட்டத்திலேயே இருந்து உண்மையான நோய்ப் பரவலை விசாரித்து எழுத வேண்டும். கொசு, விலங்குவழி நோய்களுக்கு ஓசூரில் ஒரு நிறுவனம். கிண்டியில் நூறாண்டு கடந்த கிங் நிறுவனத்தின் ஆய்வகம். கற்றவர்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கல்வி பள்ளிப்பட்டில் டார்ச்சோடு நிற்கும் பெண்ணின் கைக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதில்தான் குறை.

அதற்கு முதல் தடை கூலி. கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்களுக்குத் தினக்கூலி, அதுவும் பல இடங்களில் தாமதமாக. காய்ச்சல் குறைந்ததும் ஆட்குறைப்பு. இரண்டு பருவம் தெருத் தெருவாக நடந்து, எந்த வீட்டில் தொட்டி, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டுக்காரர் கோபக்காரர் என்றெல்லாம் அறிந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த மழைக்குப் புதிய முகத்துக்கு முதலிலிருந்து பாடம். கற்றவரைக் கைவிட்டுக்கொண்டே பயிற்சிக்குச் செலவு செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போல. இரண்டாவது தடை எல்லை. பள்ளிப்பட்டுக்காரர் காய்ச்சலோடு திருப்பதிக்குப் போய்ப் படுத்தால், தகவல் அவருடைய கிராம செவிலியருக்கு அன்றைக்கே வந்தாக வேண்டும். வருகிற வழி பெரும்பாலும் அதிகாரிகளுக்கு இடையிலான அறிமுகத்தைப் பொறுத்தே இருக்கிறது. திருத்தணி, நகரி வட்டாரப் பணியாளர்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் முகத்தை ஒருவருக்குத் தெரியவைத்து, ஒரே நோய்ப் பரவலை இரு பக்கமும் எப்படிக் கையாள்வது என்று ஒத்திகை பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஆடிக் கிருத்திகைக்கு முந்திய வாரம் அதற்குத் தோதான நேரம்.

ஒத்திகைக்குப் பிறகு தினமும் மாலை பதினைந்து நிமிடம் போதும். இன்று எத்தனை வீடு பூட்டியிருந்தது, எந்தத் தெருவில் புழு கூடியிருக்கிறது, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நூறு வீட்டில் எத்தனை பாத்திரங்களில் புழு இருந்தது என்ற கணக்கை ஏற்கெனவே எழுதி மேலே அனுப்புகிறார்கள். அதே கணக்கை அவர்களுக்கே படித்துக் காட்டி, நாளை எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்று அவர்களையே சொல்லவைத்தால், எழுதும் எண்ணுக்கு அர்த்தம் வரும். பெரியம்மைக் காலத்தின் மாதக் கூட்டமும் வட ஆர்க்காட்டின் செய்திமடலும் செய்தது இதைத்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். டெங்குவும் அதோடு வரும். தமிழ்நாடு அரசு செய்ய வேண்டியது, ஒவ்வொரு வட்டாரத்திலும் தேர்ந்த பணியாளர்களில் ஒரு பகுதியினரையாவது ஆண்டு முழுவதும் வேலையில் வைத்துக்கொள்வதும், செப்டம்பருக்குள் அவரவர் தெருவிலேயே அவரவர் பாடத்தை முடிப்பதும். நாம் செய்ய வேண்டியது அதைவிட எளிது. அவர் கதவைத் தட்டும்போது ‘எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாமல், உள்ளே அழைத்து ஃப்ரிட்ஜின் பின்தட்டையும் கொல்லைப்புறத்து டிரம்மையும் காட்டுங்கள்.